உப்புக் காற்றில் ஒரு ஃபேரிங்

பைக் ஃபேரிங்குக்கு வீட்டிலேயே வர்ணம் அடிக்கப் போகிறேன், எந்த ஸ்ப்ரே கேன் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், முதலில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று வாங்குங்கள் என்பேன். கேலி செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். மதுரையிலோ சேலத்திலோ இருக்கிறவருக்கு இந்தப் பதில் பொருந்தாது. நெம்மேலியில், ஈ.சி.ஆருக்குக் கிழக்கே, அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் வண்டி நிறுத்துகிறவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இங்கே காற்றே உப்பு. காலையில் துடைத்த சைடு மிரர் சாயங்காலம் விரல் வைத்தால் பிசுபிசுக்கும். செயின், சைலன்சர், ஸ்டாண்ட் ஸ்பிரிங், போல்ட் தலை என்று இரும்பு எதுவும் தப்பாது. ஃபேரிங் பிளாஸ்டிக்தானே, துருவா பிடிக்கப்போகிறது என்று அலட்சியமாக இருந்துவிடுகிறோம். வம்பு அங்கேதான். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. அதில் ஒட்டியிருக்கும் உப்புத் துகளின் மேலேயே பிரைமர் அடித்தால், மாட்டிக்கொள்வது வர்ணம். காய்ந்த வர்ணப் படலம் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. ஈரம் ஆவியாக, மிக மெதுவாக அதற்குள் நுழையும். அடியில் உப்பு இருந்தால் அந்த ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக் கரையும். கரைசல் இன்னும் ஈரத்தை இழுக்கும். ஒரு மழைக்காலம் போனால் கடுகளவில் கொப்புளங்கள் கிளம்பியிருக்கும். வர்ணம் மட்டம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அப்போது திட்டுவோம்.

பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதுதான் இது. இதையே தலைகீழாக நடத்துகிற ஆலை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2013-இல் இங்கே வந்தது. பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரைப் பெரும் அழுத்தத்தில் சவ்வின் வழியே தள்ளினால்தான் நல்ல தண்ணீர் பிரிந்து வரும். அழுத்தம் கொடுக்காமல் விட்டால் நல்ல தண்ணீர் உப்பு இருக்கும் பக்கம் தானாகவே போய்ச் சேரும். ஃபேரிங்கில் அழுத்தம் கொடுக்க யாரும் இல்லை.

எனக்கு இதை விளங்கவைத்தவர் ஆலைக்காரர் யாரும் இல்லை. குப்பத்தில் ஃபைபர் படகுக்குப் பட்டி பார்க்கிற அண்ணன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை நெடுகக் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகிவிட்டதால், படகின் அடிப்பக்கம் கிளம்பும் கொப்புளம் அவருக்கு அன்றாடப் பிழைப்பு. "குத்தி, வர்ற தண்ணிய மோந்து பாரு தம்பி, புளிச்ச வாடை அடிக்கும்" என்றார். "பெயின்ட்டக் குத்தம் சொல்லாத. உள்ள எதையோ வெச்சு மூடிட்டோம்னு அர்த்தம்." படகில் மூடப்படுவது சரியாக இறுகாத ரெசின், என் விஷயத்தில் உப்பு. நடக்கிற காரியம் ஒன்றுதான்.

என் வண்டி யமஹா ஆர்15, 2008-இல் வந்த முதல் மாடல். சிவப்பு. சின்ன வண்டிகளில் முழு ஃபேரிங் என்பதை இங்கே பரவலாகக் காட்டிய வண்டி அது; இன்ஜினை மறைத்து இரு பக்கமும் இறங்கும் அந்தப் பலகைகளுக்காகவே கடன் வாங்கி எடுத்தவர்கள் உண்டு. பதினைந்து வருஷத்துக்கு மேலான வெயிலில் மேல்பக்கச் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகிவிடும். கீழ்ப்பக்கம் முன்சக்கரம் அடித்த பொடிக்கல் தழும்பு. ஒருமுறையாவது நின்ற இடத்திலேயே சாய்ந்திருக்கும், ஓரத்தில் ஒரு கிராக் இருக்கும். புதுப் பலகையின் விலையை விசாரித்துவிட்டு வேண்டாம் என்று திரும்புகிறவர்கள் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகலாம். கழற்றிய பழைய பலகைகள் அங்கே தேடினால் கிடைக்கும். நிறம்தான் பொருந்தாது. வலப்பக்கம் நீலம், இடப்பக்கம் கறுப்பு என்று கிடைக்கும். எப்படியும் கேன் கையில் எடுத்தாக வேண்டும்.

கழற்றியதும் பலகையைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். எந்த பிளாஸ்டிக் என்று அச்சிலேயே வார்த்திருக்கும். வர்ணம் அடித்து வரும் பலகைகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ்.; அது வர்ணத்தை நன்றாகப் பிடிக்கும். வர்ணம் இல்லாமல் கறுப்பாகவே வரும் உள்பலகைகள் பல பி.பி., அதாவது பாலிபுரோப்பிலீன். அதற்கென்று தனி பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் அடித்தால் நகத்தால் உரித்தெடுக்கலாம். அவற்றைக் கறுப்பாகவே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஏ.பி.எஸ்ஸில் கிராக் இருந்தால், அது முடியும் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போட்டுவிடுங்கள், மேற்கொண்டு ஓடாது. பிறகு வேண்டாத ஏ.பி.எஸ். துண்டு ஒன்றைச் சீவி அசிட்டோனில் ஊறவைத்தால் கூழாகும். அதை உள்பக்கம் அப்பினால் பலகையும் கூழும் கரைந்து ஒன்றாக இறுகிவிடும். எந்தப் பசையும் இதற்கு ஈடில்லை. இதே காரணத்தால் வர்ணத்தைச் சுரண்ட சோம்பல்பட்டு அசிட்டோனையோ காட்டமான தின்னரையோ துணியில் நனைத்துத் தேய்க்கக் கூடாது. பலகையே இளகிவிடும்.

இனி கழுவுவது. எங்கள் பக்கம் போர் தண்ணீரைப் பக்கெட்டில் காயவிட்டால் வெள்ளை வளையம் நிற்கும். அதில் மட்டும் கழுவினால் பழைய உப்பைப் போக்கிப் புது உப்பைப் பூசியதாகிவிடும். முதல் இரண்டு கழுவலுக்கு, சேறும் எண்ணெயும் போக, போர் தண்ணீரும் ஷாம்பூவும் போதும். கடைசி அலசல் கேன் தண்ணீரில். ஆர்.ஓ. தண்ணீர் என்பதால் காய்ந்தால் தடம் விடாது. மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீரும் நல்லது, ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைச் சேர்த்து வைக்கிற கஞ்சத்தனமும் எனக்கு உண்டு. முன்பக்கத்தை மட்டும் பளபளவென்று கழுவிவிட்டு உள்பக்கத்தை மறக்கிறவர்கள் அதிகம். உப்பு உட்கார்ந்திருப்பது அங்கேதான்: போல்ட் ஓட்டையைச் சுற்றிய வளையம், பலகையைத் தாங்கும் விலா எலும்புகளின் இடுக்கு, ரேடியேட்டர் பக்கத்து மடிப்பு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுக் குடைய வேண்டும். போதுமா என்று எப்படித் தெரியும்? படகு அண்ணன் வழி எளிது. கடைசியாக அலசிய தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வை என்றார். தின்னர், ஸ்பிரிட் எதுவும் படாத கட்டத்தில்தான் இந்தச் சோதனை.

அதற்குப் பிறகுதான் எண்ணெய்ப் பிசுக்கு. வாட்டர் வாஷ் கடையில் கடைசியாக ஒரு பளபளப்புத் திரவம் அடித்துவிடுவார்களே, அதில் சிலிக்கோன் இருக்கும். அது ஒரு துளி மீந்தாலும் புது வர்ணம் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டவட்டமாக விலகிப் பள்ளம் விழும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. உப்புத்தாள் போடுவதற்கு முன்பே இது முடிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கீறல்களுக்குள் பிசுக்கைத் தேய்த்து ஏற்றிவிடுவோம்.

இவ்வளவு கழுவல் வீண் வேலை என்று தோன்றினால் மாமல்லபுரம் வரை ஒரு நடை போய்வரலாம், வண்டியில் அரை மணிக்குள்தான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலின் சிற்பங்களில் முகம் தேய்ந்து போனதற்கு மணலும் காற்றும் மட்டும் காரணம் இல்லை. கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்த உப்பு காய்ந்து படிகமாகிப் படிகமாகி மேல்தோலைப் பெயர்த்துவிடுகிறது. இந்தியத் தொல்லியல் துறை அலையைத் தடுக்கக் கல் கொட்டியது, காற்றைத் தடுக்க மரம் வளர்த்தது. அதோடு காகிதக் கூழை ஈரமாகக் கல்லில் அப்பிக் காயவிட்டு, உப்பை உறிஞ்சவைத்து எடுக்கிறது. ஒருமுறை செய்து முடிகிற வேலையும் இல்லை அது. கருங்கல்லுக்கே இந்தப் பாடு என்றால் மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் எம்மாத்திரம்?

உப்புத்தாளை ஈரத்தில்தான் போடுகிறேன், அதுவும் கேன் தண்ணீரில். பழைய வர்ணம் நன்றாகப் பிடித்திருந்தால் முழுவதும் சுரண்டத் தேவையில்லை. பளபளப்பு செத்து மங்கினால் போதும். கல் அடித்த தழும்புகளின் ஓரத்தை 320-ஆம் நம்பரால் சரித்துவிட்டு, மொத்தத்தையும் 600-ஆல் ஓட்டலாம். பட்டி வைத்த இடங்களில் கண்ணை நம்பக் கூடாது. பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகு, தள்ளி நின்று கறுப்பு கேனால் ஒரு தூறல் போட்டுவிடுங்கள். சாம்பல் நிறத்தின் மேல் கறுப்புப் பொடி தூவிய மாதிரி தெரியும். இப்போது உப்புத்தாளைச் சின்னக் கட்டையில் சுற்றி, தட்டையாகப் பிடித்துத் தேய்த்தால் மேட்டில் இருக்கும் கறுப்பு முதலில் போகும், பள்ளத்தில் இருப்பது நிற்கும். ஹெட்லைட்டுக்குக் கீழே விரலுக்கே தட்டாத ஒரு பள்ளம், தமிழகத்து வரைபடத்தில் ஏரி காட்டுகிற மாதிரி கறுப்பாக மிச்சம் நிற்பதைப் பார்க்கும்போது உண்டாகும் எரிச்சலும் மகிழ்ச்சியும் இந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும். மறுபடி பட்டி, மறுபடி பிரைமர், மறுபடி தூறல். கறுப்பு எங்கும் ஒரே சீராகக் கரைந்து போகிற வரைக்கும்.

நேரம் பார்ப்பதற்கு எங்கள் ஊரில் பஞ்சாங்கத்தைவிட ஈரமானி உதவும். கடிகாரம் அளவில் சின்னதாக, சல்லிசாகவே கிடைக்கிறது. கேனிலிருந்து வரும் கரைப்பான் ஆவியாகும்போது பலகையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வித்தை. வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள்: காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படிய, பலகை 26 டிகிரிக்கு இறங்கினாலே போதும். நாலு டிகிரிதான் இடைவெளி. அந்த ஈரம் காயாத வர்ணத்தில் படிந்தால் மேற்பரப்பு பால் ஊற்றினாற்போல வெளுத்துவிடும். கறுப்பில் அசிங்கமாகத் தெரியும், சிவப்பில் ரோஸ் திட்டாகத் தெரியும். ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் பனி படிய 18 டிகிரி வரை இறங்க வேண்டும், பயமே இல்லை. ஆனால் கடலோரத்தில் 50 கிடைப்பது அபூர்வம். 65-க்குக் கீழே முள் இறங்கினால் நான் கேனைக் குலுக்க ஆரம்பித்துவிடுவேன்.

எனக்குப் பிடித்தது மாசி, பங்குனி. காலைப் பனி விலகி, வெயில் ஏறி, கடல்காற்று இன்னும் உள்ளே வராத இடைவேளை: ஏறத்தாழ ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை. அந்நேரம் காற்று மேற்கிலிருந்து, தரையிலிருந்து வரும். ஈரமும் குறைவு, உப்பும் குறைவு. நண்பகலை ஒட்டிச் சவுக்குத் தோப்பு கிழக்கிலிருந்து இரையத் தொடங்கினால் அன்றைய கடை கட்டியாயிற்று. சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் வர்ணம் பலகையைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, சொரசொரவென்று உட்காரும். ஆடிக் காற்றில் மணல். ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிப்பது பெயின்டர்களின் வழக்கம். இங்கே அதை முந்தின நாள் இரவே செய்துவிட வேண்டும், அடிக்கும்போது தெளித்தால் ஈரப்பதம் ஏறிவிடும். கடலோர ஈரத்தால் ஒரே ஒரு லாபம் உண்டு. வறண்ட ஊரில் பிளாஸ்டிக்கைத் துடைத்தாலே மின்னூட்டம் ஏறித் தூசியை இழுத்துக்கொள்ளும். எங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

சிவப்புக்கு அடியில் என்ன நிறம் என்பது முக்கியம். சிவப்பு, மஞ்சள் நிறமிகள் அடிநிறத்தை முழுதாக மறைப்பதில்லை. சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் சிவப்பு சோர்ந்து மெரூன் பக்கம் சாயும். வெள்ளை மேல் அடித்தால் எரியும். பாதி பலகையில் பட்டி பார்த்துச் சாம்பலும் மீதியில் பழைய சிவப்புமாக இருந்தால், எத்தனை கோட் போட்டாலும் எல்லைக்கோடு தெரிந்துகொண்டே இருக்கும். எனவே முழுவதையும் முதலில் ஒரே வெள்ளையாக்கிவிடுவேன்.

கேனுக்குள் கோலி உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிஷம் குலுக்க வேண்டும். நிறமி அடியில் தங்கியிருக்கும். பலகையைச் சவுக்குக் கம்பில் கட்டுக்கம்பியால் தொங்கவிட்டு, ஒரு சாண் தூரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி, பலகைக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குறுக்கே ஒரே வேகத்தில் ஓட்டி, மறுபுறம் பலகையைத் தாண்டியபின் விரலை எடுக்க வேண்டும். பலகையின் மேலேயே அழுத்தித் தொடங்கினால் முதல் துப்பல் சொட்டாக விழும். ஓட வேண்டியது முழங்கை. மணிக்கட்டு மட்டும் திரும்பினால் நடுவில் தடிமனாகவும் ஓரங்களில் தூளாகவும் படியும். அடுத்த ஓட்டம் முந்தையதில் பாதியை மூட வேண்டும். முதல் கோட் வெறும் தூவல். அடியில் இருப்பது தெரிய வேண்டும். அது ஒட்டத் தொடங்கிய பிறகுதான் ஈரக் கோட். அப்போது பலகையைப் பார்க்காதீர்கள், அதில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். கேன் கடந்து போன இடத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெளிச்சம் உடையாமல் ஒரு நொடி நிற்கும். அந்த நொடிக்கு முன்னால் நகர்ந்தால் ஆரஞ்சுத் தோல், பின்னால் நகர்ந்தால் ஒழுகல். கை அதைக் கற்றுக்கொள்ள ஒரு பழைய மட்கார்டைப் பலி கொடுக்கலாம்.

கேனில் வர்ணம் அடைத்து விற்கும் யோசனை 1949-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் என்பவருக்கு வாய்த்தது. தான் விற்ற அலுமினிய வர்ணத்தை அடித்துக் காட்ட வழி தேடினார், மனைவி சொன்ன யோசனை அது என்பார்கள். ஓசோனைக் கெடுத்த பழைய வாயுக்கள் போய், இன்று உள்ளே இருந்து தள்ளுவது பெரும்பாலும் சமையல் வாயுவின் இனம். திரவம் வாயுவாக மாறும்போது கேன் சில்லிட்டுப் போகும், அழுத்தம் குறையும், நுனி துப்பத் தொடங்கும். இரண்டு கேன்களை மாற்றி மாற்றி எடுத்தால் இது வராது. சமையல் வாயு என்றேனே, பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் எரியக் கூடாது.

நிறத்துக்கு மேல் கடைசியாக அடிக்கும் கிளியர் கோட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண கேன் கிளியர் கரைப்பான் ஆவியாகிக் காய்வது. பெட்ரோல் பட்டால் மறுபடி இளகும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை பங்க்கில் சிந்தவிட்டால் டாங்கி ஓரத்துப் பலகை பிசுபிசுத்துவிடும். 2கே என்று வரும் கேனின் அடியில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உள்ளே தனியாக இருக்கும் ஹார்டனர் கலந்து, ரசாயன மாற்றத்தால் இறுகும். பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் அது தாங்கும். அழுத்திய பிறகு கேனை எடுத்து வைக்க முடியாது, அட்டையில் போட்டிருக்கும் மணிநேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அந்த ஹார்டனர் ஐசோசயனேட். மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு துளி பட்டாலும் மூச்சிரைக்கும், வாடையை வைத்து எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது. கொரோனா காலத்து மாஸ்க் இதற்கு எதற்கும் உதவாது. ரசாயன ஆவிக்கான கேட்ரிஜ் வைத்த மாஸ்க், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, நாலு பக்கமும் காற்றோட்டம். இத்தனைக்கும் வழியில்லை என்றால் கிளியரை மட்டும் பெயின்ட் பூத் வைத்திருக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

ஸ்டிக்கர் ஒட்டுவதானால் கிளியருக்கு முன்னால். தங்கக் கோடு கையால் இழுக்கலாமா என்று கேட்காதீர்கள். புல்லட் டாங்கியில் அந்தக் கோட்டை ஒரே மூச்சில் இழுப்பவர்கள் அதையே தொழிலாகக் கொண்டவர்கள். பழைய நிறத்தையே அடித்தால் கேள்வி இல்லை. நிறத்தையே மாற்றுகிறவர்கள் ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருப்பதை நினைவில் வைத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அடித்த மறுநாளே மாட்டத் துடிக்கும் கை. தொட்டால் ஒட்டவில்லை என்பதும் உள்ளே இறுகிவிட்டது என்பதும் வேறு. ஒரு வாரமாவது வீட்டுக்குள் தொங்கட்டும், ஒரு மாதம் பாலிஷ் பக்கம் போகாதீர்கள். மாட்டும்போது பழைய இரும்பு போல்ட்டுகளைக் கடாசிவிட்டு ஸ்டெயின்லெஸ் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அடியில் நைலான் வாஷர் வையுங்கள். இல்லாவிட்டால் திருகும்போது போல்ட் தலை புது வர்ணத்தை வளையமாகப் பெயர்க்கும், கடல்காற்று நுழைய அந்த வளையம் போதும். ஃபேரிங் கழன்று கிடக்கும் அந்த நாட்களில், அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் துருவெடுத்து ஒரு கை பார்த்துவிடுங்கள். மறுபடி எப்போது கழற்றப் போகிறோம்?